கழுவிய கற்கள்

ஜன்னலை ஒட்டி வீரணனும் அவன் தங்கையும். சுவரோரம் சேவுகன், சாய்ந்துகொள்ள வசதியாக. கதவுக்கு நேரே பொன்னழகி. மற்றவர்கள் வந்த வரிசையில், சம்மணமிட்டு, வட்டமாக. நாற்காலியை ஒதுக்கிவிட்டு அவளும் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு அவள்தான் டீச்சர்.

நடுவில் கற்கள்.

வீட்டில் இருப்பதிலேயே நல்ல கல்லாக ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லியிருந்தாள். காலையில் எல்லாவற்றையும் குழாயடியில் குவித்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார்கள். அழுக்குப் போனால்தான் கல் தன் நிறத்தைக் காட்டும்.

கூரையில் பதித்த கண்ணாடி வழியே ஒரு துண்டு வெயில் இறங்கியது. சாக்கின்மேல் ஈரமாகக் கிடந்த கற்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது.

தொட்ட கல் விழித்துக்கொண்டது. கல்லில் ஏடேடாக ஒட்டியிருந்த காக்காப்பொன் மினுங்கியது. வெள்ளை வெங்கச்சங்கல்லுக்குள் பால் கலங்கியது.

இவற்றில் பல ஒரு காலத்தில் குழம்பாக இருந்தன என்றாள். பூமிக்கு அடியில், கொதித்துக்கொண்டு. பிறகு ஆறின. ஆறுவதற்கு அவசரமே படவில்லை. அதனால்தான் உள்ளே இவ்வளவு பெரிய படிக மணிகள்.

சேவுகன் ஒரு கல்லைக் காதில் வைத்துப் பார்த்தான். இன்னும் கொதிக்கிறதாம். புளுகாதே என்று வீரணனின் தங்கை பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.

அவளுக்கும் கேட்டது.

கல் கைமாறிக்கொண்டே போனது. வட்டம் முழுக்க, விழித்துக்கொண்டே தூங்குவதுபோல் ஓர் அமைதி.

"டீச்சர், இதுல எங்க சின்னக் கன்னி எது?"

பொன்னழகிதான்.

அவர்கள் வயலோரத்தில், வேப்பமரத்தடியில், கன்னிமார் ஏழு பேரும் கல்லாக இருக்கிறார்கள். கடைசிப் பெண்ணைப் பாவாடையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறாள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல கல் அதுதானே.

இன்று சாயங்காலம் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியோடு வருகிறாள். இவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவனை வீட்டு வாசல் ஏற்றுமுன் ஏழு பேர் காலடியிலும் கிடத்தி எடுப்பதாக வேண்டுதல். ஒவ்வொருத்திக்கும் ஒரு குலவை.

ஆறு பேர்தான் இருந்தால் தம்பி தங்குவானா என்று பொன்னழகி கேட்டாள்.

உன் கல் உனக்குத் தெரியாதா என்றாள் டீச்சர்.

தெரியவில்லை. மஞ்சளும் குங்குமமும் இல்லாமல் சின்னக் கன்னியை அந்த வீட்டில் யாரும் பார்த்ததே இல்லை.

டீச்சருக்குக் குழாயடி நினைவுக்கு வந்தது. தண்ணீர் மஞ்சளாக ஓடியது. இரும்பு இருக்கிற கல் இப்படித்தான் நிறம் விடும் என்று அப்போதே ஒரு பாடம் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் இன்னும் அழுத்தித் தேய்த்தார்கள்.

சாமியையே பொன்னழகி நார் போட்டுத் தேய்த்துவிட்டாளே என்று சொல்ல வந்த வீரணன், தானும் சேர்ந்து தேய்த்ததை நினைத்து அடங்கிக்கொண்டான்.

அவரவர் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள், மிஞ்சுவது சின்னக் கன்னி என்றாள் டீச்சர். நல்ல யோசனைதான்.

ஒருவரும் கை நீட்டவில்லை. எடுப்பது சாமியாக இருந்துவிட்டால்?

பொன்னழகி எழுந்து சாக்கின் பக்கத்தில் மண்டியிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்தாள், இறக்கினாள். வைத்தாள், இறக்கினாள்.

ஒன்றை இறக்கவில்லை.

"இவதான்."

கறுப்பு. முட்டைபோல் வழவழப்பு. இந்தச் சீமையில் அப்படிக் கல் கிடையாது. அது அலை உருட்டிய கல்.

பிள்ளைகளோடு பிள்ளையாக டீச்சரும் ஒரு கல் கொண்டுவந்திருந்தாள்.

போன வருடம் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், கையில் ஒன்றுமில்லாமல் எழுந்தாள். கைக்குப் பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது. அந்த ஊர்க் கடற்கரையில் குனிந்து அந்தக் கல்லைப் பொறுக்கினாள். பஸ்ஸில் வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

போயும் போயும் அதுவா. அந்தக் கல்லின் காலடியிலா ஒரு பச்சைப் பிள்ளையைக் கிடத்துவது.

சொல்ல வாயெடுத்தாள்.

பொன்னழகி கல்லின் முகத்தில் மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் போயிருக்கும் என்று.

டீச்சர் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். சுற்றி எடுத்துப் போகட்டும்.

மணி அடித்தது. பிள்ளைகள் சாக்கை மிதிக்காமல் சுவரோடு சுவராக நடந்து வெளியேறினார்கள். கற்கள் அப்படியே கிடந்தன. அவற்றில் ஒருத்தி மஞ்சளில்லாமல், பெயரில்லாமல்.

அந்தக் கற்கள் மறுநாள் மதுரைக்குப் போக வேண்டியவை. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்து, இன்ன கல் என்று எழுதி அனுப்புவார்.

இன்லாண்டு கடிதத்தை விரித்தாள். தேதி போட்டாள். ஐயா அவர்களுக்கு வணக்கம் என்றாள். கற்களை அனுப்ப இயலவில்லை, மன்னிக்கவும் என்றாள். அடுத்த வரியில் காரணம் வர வேண்டும்.



'அவற்றுக்கு இங்கே வேலை இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி, மடித்து, நகத்தால் அழுத்தி ஒட்டினாள்.

தபால் பெட்டி ஊர் எல்லையில், புளியமரத்தில் தொங்குகிறது. அவள் போய்ச் சேர்ந்தபோது பொன்னழகி வீட்டு வயல் பக்கமிருந்து பொங்கல் புகை எழும்பிவிட்டது.

முதல் குலவை கேட்டது. அடங்கியது. இரண்டாவது.

கடிதத்தை உள்ளே விட்டாள்.

ஆறாவது எழுந்து, நீண்டு, வயல்மேல் கரைந்தது.

பெட்டியின் வாயிலிருந்து கையை எடுக்காமல், ஏழாவதுக்குக் காதைக் கொடுத்து அவள் நின்றாள்.