மூன்றாவது அத்தியாயத்துக் கரடி

"மறுபதிப்புக்குக் கையெழுத்துப் போடறேன் தம்பி. ஆனா மூணாவது அத்தியாயம் வேண்டாம்."

பதிப்பாசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடாரம் அடித்துக் காட்டில் தூங்கும் சுகத்தை அந்தக் காலத்திலேயே எழுதியவர் இந்த அம்மாவின் மறைந்த கணவர். ஊரே மறந்துவிட்ட புத்தகம். அதை மறுபடி அச்சேற்றப் பதிப்பக முதலாளியிடம் இவர்தான் தலைகீழாக நின்று சம்மதம் வாங்கியிருந்தார்.

"அம்மா, புத்தகத்துக்கே உயிர் அதுதான். ராத்திரி முழுக்கக் கரடி உறுமுது, ஐயா அசையாமப் படுத்திருக்கார். படிக்கிறப்பவே புல்லரிக்குது!"

"அதான் வேண்டாங்கறேன்."

"ஏம்மா, ஐயா பொய்யாவா எழுதினார்?"

"சேச்சே! உறுமல் நிஜம். காடுதான் பொய். கூடாரம் எங்க வீட்டுத் தோட்டத்துல, ஜன்னலுக்குக் கீழ இருந்துச்சு."

"தோட்டத்துல ஏதும்மா கரடி?"

அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஜன்னலுக்கு உள்ள தூங்கினது நான். என் குறட்டை தாங்காமத்தான் மனுஷன் கூடாரமே வாங்கினார்."

பதிப்பாசிரியர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "படிக்கிறவங்களுக்கு அது எப்படிம்மா தெரியப்போகுது?"

"ஊருக்குத் தெரியாதுப்பா. பக்கத்து அறையில படுக்கிற என் மருமக முதல் வரியிலயே கண்டுபிடிச்சிடுவாளே!"