தொடக்கூடாத தட்டு

‘கீ… கீ… கீ…’ என்று அலறியது இன்குபேட்டர்.

“கதவை நல்லா அழுத்தி மூடும்மா. சூடு இறங்குது பாரு.” கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று இன்டர்காமில் பேசினார் மைக்ரான் சார்.

உள்ளே இருந்தவள் மூடினாள். அலாரம் நின்றது. அவர் நிற்கவில்லை.

“நேத்து அந்த மருந்துல எத்தனை நிமிஷம் வெச்சே?”

“பத்து நிமிஷம் சார்.”

“பதினொண்ணு ஆகலையே?”

“நீங்கதானே வெளியே நின்னு எண்ணிட்டிருந்தீங்க.”

கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் அவள் சேர்ந்து பன்னிரண்டு நாள். அவருக்கு இருபது வருட அனுபவம். மயிரிழை பிசகினாலும் விடமாட்டார். அதனால் அந்தப் பட்டப்பெயர். அப்பேர்ப்பட்டவர், ஐந்து முட்டைகள் இருக்கும் இந்த ஒரு தட்டை மட்டும் தொடக்கூடாது என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஏனென்று சொல்லவில்லை.

அவளே ஊகித்துக்கொண்டாள். முட்டைகளுக்குச் சொந்தக்காரப் பெண்மணிக்கு ஏற்கெனவே மூன்று முறை சிகிச்சை நடந்தாயிற்று. விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்தியும் ஒரு முட்டைகூடக் கண் விழிக்கவில்லை. வயது நாற்பத்தொன்று. இதுதான் கடைசி முயற்சி. மூன்று தடவையும் சொதப்பியது மைக்ரான் சாராகத்தான் இருக்கவேண்டும். முட்டையைத் தட்டியெழுப்பும் புது மருந்தால் நேற்று வந்தவள் ஜெயித்துவிட்டால்? அந்த வயிற்றெரிச்சல்தான் மனுஷரை இப்படிப் படுத்துகிறது.

“சார், கொஞ்சம் பேசாம இருங்க. கவனம் சிதறுது.”



மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். முதல் முட்டையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் இரண்டு குட்டி வட்டங்கள், தோளோடு தோள் உரசிக்கொண்டு. அப்பா பங்கு ஒன்று, அம்மா பங்கு ஒன்று. நான்காவதிலும் அப்படியே. ஐந்தாவதிலும்.

“அஞ்சுல மூணு சார்.”

 நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். பாவமாக இருந்தது.

“அந்த மேடத்துக்கு போன்ல நீங்களே சொல்லிடுங்களேன் சார்.”

“வேணாம்மா. செஞ்ச கைதான் சொல்லணும்.”

எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தார் அந்தப் பெண்மணி.

“லேப்ல இருந்து பேசறேன் மேடம். மூணு முட்டை கருவாயிருக்கு.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“நீ நல்லா இருப்பேம்மா. அங்க கண்ணாடிக்கு வெளியே என் வீட்டுக்காரர் விடிஞ்சதிலேர்ந்து நின்னுட்டிருப்பார், முதல்ல அவரை உட்காரச் சொல்லு.”