சம்பந்தி பேச்சை முழுங்கின மிக்சர்

"அண்ணே, இந்த ஆளுக்கு மட்டும் எதையும் வித்துறாதீக! விக்கிற கடைக்கே பேரு கெட்டுப் போகும்!"

சிம்மக்கல்லுல முத்துக்கருப்பனோட ரேடியோ கடை வாசல்ல சைக்கிள நிறுத்துறதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சுட்டான் தனிஸ்லாஸ். பி.ஏ. ரெண்டாம் வருஷம் படிக்கிறான். வாத்தியார் பேரக் கூப்பிட்டாக்கூட, 'எதுக்குக் கூப்பிடுறீக?'ன்னு எந்திரிச்சு நிக்கிற ரகம்.

உள்ள கண்ணாடி மேசை முன்னாடி குனிஞ்சு நின்ன வீடியோக்காரர் சத்தியசீலன் நிமிந்து பாத்தாரு.

"வாங்க தம்பி."

"வாங்கத்தான் வந்திருக்கேன். உங்க மானத்த!"

"என்னப்பா தகராறு?"ன்னாரு கடைக்காரர் முத்துக்கருப்பன்.

"போன மாசம் எங்க அக்கா பாக்கியமேரி கல்யாணத்துக்கு இவருதாண்ணே வீடியோ. கே.கே. நகர்ல அக்கா மாமனார் வீட்டுல, சொந்தபந்தம் பூராம் டி.வி. முன்னாடி ஒக்காந்து கேசட்டப் போட்டுப் பாத்திருக்காக. அந்த மாமனார் வரவேற்புல மைக் முன்னாடி நின்னு நீட்டி முழக்கிப் பேசுனாரு. கேசட்டுல சத்தமே இல்ல! மனுசன் தொட்டி மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுறாரு. 'உங்க வீட்டுல எல்லாமே சீப்புதானா'ன்னு எங்க அக்காவ நாலு பேரு முன்னாடி கேட்டுட்டாரு!"

சத்தியசீலன் தலைய ஆட்டி ஒத்துக்கிட்டாரு.

"அது வாடகைக்கு எடுத்த மிக்சர் தம்பி. தப்பு என் மேலதான். அதான் இன்னிக்குச் சொந்தமா ஒண்ணு வாங்க வந்திருக்கேன்."

மிக்சர்னா, ரெண்டு மூணு மைக்கோட சத்தத்த ஒண்ணாச் சேத்து வீடியோவுக்கு அனுப்புற பொட்டி. மேசை மேல ரகத்துக்கு ஒண்ணா எடுத்து வச்சாரு முத்துக்கருப்பன்.

"இது கரண்டுல ஓடுறது."

"திருவாதவூர்ப் பக்கம் களத்து மேட்டுல பந்தல் போடுவாக. அங்க கரண்டுக்கு எங்கண்ணே போறது?"

"அப்ப இதப் பாரு. சிங்கப்பூர் சரக்கு. பேட்டரி. சத்தத்துக்கு ஏத்த மாதிரி முள்ளு ஆடும்."

வெலையக் கேட்டதும் தொட்ட கைய எடுத்துட்டாரு சத்தியசீலன். "இத வாங்கணும்னா நான் கேமராவ விக்கணும்ணே."

"வித்துருங்க. மதுரைக்கே நல்லது!"ன்னான் தனிஸ்லாஸ்.

கடைசியா ஒரு தகரப் பொட்டி. முத்துக்கருப்பன் கடையிலேயே செஞ்சது. பாக்க அஞ்சறைப் பொட்டியாட்டம் இருந்துச்சு, ஆனா பேட்டரியில ஓடும்.

"இதுலயே ஒத்தத் திருகு வச்சது இருக்கு. இன்னும் கொறஞ்ச வெல. போடவா?"

"வேணாம்ணே. ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனியா வால்யூம் திருகு இருக்கணும்."

"முள்ளு வேணாம், அழகு வேணாம், திருகு மட்டும் வேணுமாக்கும்?"

"அது போதும்ணே."

தனிஸ்லாஸுக்குப் பொறுக்கல. "எதுக்கு வீண் செலவு? எங்க காலேஜ் ஆண்டு விழாவுக்கு உங்களத்தானே பேசியிருக்காக? விழாக் கமிட்டியில நானும் இருக்கேன். நாளைக்கே கேன்சல் பண்றேன்!"

சத்தியசீலன் மூஞ்சி வாடிப்போச்சு. அந்த ஆர்டர நம்பித்தான் இந்தப் பொட்டியே வாங்க வந்திருந்தாரு.

"தம்பி, அத மட்டும் செஞ்சிராதீக. அதுதான் எனக்கு மொதப் பெரிய வேல."

"செய்வேன்! மைக்குல கோளாறுன்னும் தப்பிக்க முடியாது. அக்கா மாமனாருக்கு ஸ்டாண்டு மைக். பொண்ணு மாப்பிள்ளைக்கு வச்ச மைக்க நானே கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. கோளாறு பூராம் உங்க வேலையில!"

"சண்டைய அப்பறம் போடுங்கப்பா. மொதல்ல பொட்டியச் சோதிப்போம்." முத்துக்கருப்பன் ஒரு மைக்க தனிஸ்லாஸ் கையில திணிச்சாரு. இன்னொண்ண தான் வச்சுக்கிட்டு, "ஹலோ, ஹலோ"ன்னாரு. ஸ்பீக்கர்ல கணீர்னு கேட்டுச்சு.

மைக்கு கெடச்சா விடுவானா?

"சிம்மக்கல் பெருமக்களே! இந்த வீடியோக்காரர நம்பி யாரும் ஏமாந்துறாதீக! இவரு எடுத்த கேசட்டுல..."

தெருவுல போனவுக திரும்பிப் பாத்தாக. சத்தியசீலன் மெதுவா ஒரு திருகத் திருகினாரு. ஸ்பீக்கர்ல தனிஸ்லாஸ் காணாமப் போயிட்டான். முத்துக்கருப்பனோட "ஹலோ, ஹலோ" மட்டும் அப்பிடியே கேட்டுச்சு.

"அருமை. இதையே குடுங்கண்ணே!"

முத்துக்கருப்பன் பேட்டரி எடுக்க உள்ள போனாரு.

"எதுக்கு என் மைக்க மட்டும் அமுக்குனீக?"ன்னு எகிறினான் தனிஸ்லாஸ்.

சத்தியசீலன் கிட்ட வந்து, கொரலத் தாழ்த்திக் கேட்டாரு. "'நாங்க ஒத்தப் பைசா கேக்கல'ன்னு அன்னிக்கு அக்கா மாமனாரு பேசுனாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப, பக்கத்துல நின்ன கூட்டாளிகிட்ட நீங்க என்ன சொன்னீக? எனக்கு ஹெட்போன்ல கேட்டுச்சு."

தனிஸ்லாஸ் கையிலிருந்த மைக்கப் பாத்தான். 'கேக்கலையாம்ல! ஸ்கூட்டர் வந்தாத்தான் கல்யாணம்னு குதிச்ச கெழட்டு நரி!'ன்னு ஆரம்பிச்சு, மாமனாரோட ஏழு தலமொறையையும் இழுத்தது ஞாபகத்துக்கு வந்துச்சு. கையில மைக்கு இருந்ததும்தான். கே.கே. நகர்ல அந்தக் கேசட்டு ஓடுறப்ப, மாமனாருக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தவ அக்கா.

"அண்ணே... இத அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க வீட்டுக்கும் தெரிஞ்சு, அங்கயும் தெரிஞ்சு, அக்காவுக்குத்தான் கஷ்டம்." சத்தியசீலன் பொட்டியத் தொடைச்சு மஞ்சப் பைக்குள்ள வச்சாரு. "அந்த வாடகை மிக்சர்ல ரெண்டு மைக்குக்கும் ஒரே திருகு தம்பி. அக்கா மாமனார நிறுத்தாம உங்கள நிறுத்த முடியல."