கன்றுக்கு ஒரு கட்டு

"அங்கியே நில்லுங்க துபாஷய்யா! கிட்ட வந்தா மாடு முட்டிடும்!"

கொட்டகை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள் இருசம்மாள். படலுக்கு வெளியே ஒல்லாந்து துரை. பக்கத்தில், அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி மாசிலாமணி. பின்னால் நெல் மூட்டை ஏற்றிய வண்டி.

அந்த வருஷம் ஏரிக்கரை ஊர்களில் கோமாரி புகுந்து மாடுகளை வாரிக்கொண்டு போயிருந்தது. பழவேற்காட்டுக் கோட்டையில் காய்ச்சலில் கிடந்த சிப்பாய்களுக்குப் பால் இல்லை. துரை ஓர் உத்தரவு போட்டார். கன்றோடு நிற்கும் கறவை மாட்டுக்கு உதவி நெல் இரண்டு மூட்டை. கன்று செத்திருந்தால் மாட்டுக்குப் பால் வற்றிவிடும். அதைக் கோட்டைச் சமையலுக்கு ஓட்டிவிட வேண்டியது.

நேற்றுத்தான் பக்கத்து வீட்டு ரங்கனின் மாட்டை ஓட்டிப் போனார்கள். அது கத்திய கத்தல் இன்னும் இருசம்மாள் காதை விட்டுப் போகவில்லை. அவளுக்கு மிஞ்சியதும் இந்த ஒரே மாடுதான்.

"முட்டற மாடா இது? பாவமா நிக்குது," என்றார் மாசிலாமணி. "கன்னு எங்க?"

"தோ, அம்மா பக்கத்துல."

கொட்டகை இருட்டில், மாட்டின் வயிற்றோரம் செவலைக் கன்று நின்றது. மாடு அதன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா, அசையவே மாட்டேங்குது?"

"வயிறு முட்டக் குடிச்சிட்டு நிக்குது சாமி. சோறு துன்னா உங்களுக்குத் தூக்கம் வராதா?"

மாசிலாமணி சிரிக்கவில்லை. "கோமாரி கீமாரி வந்துகீதா? மறைக்காத. துரை தொட்டுப் பாக்கணும்ன்றாரு."

இருசம்மாள் வாசலை இன்னும் மறைத்துக்கொண்டு நின்றாள். தொட்டால் எல்லாம் போச்சு.

"ஐயோ, வேணாம்! புது ஆள் வாடை பட்டா மாடு பாலை அடக்கிக்கும். துரைக்குப் பால்தானே வேணும்? இப்பவே கறந்து காட்டறேன்."

சட்டியை எடுத்துக்கொண்டு மாட்டின் அடியில் குந்தினாள். மாடு நக்குவதை நிறுத்தவில்லை. சட்டி நுரைத்துக்கொண்டு நிறைந்தது. படலுக்கு மேலாக வாங்கிக் குடித்த துரை, வெள்ளையான மீசையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"துரைக்கு ரொம்ப சந்தோஷம்," என்றார் மாசிலாமணி. "இதுவரைக்கும் பாத்த கன்னுங்க எல்லாம் எலும்பும் தோலுமா இருந்துச்சாம். இது ஒண்ணுதான் கொழுகொழுன்னு இருக்குதாம்."

"பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கறேன் சாமி."

இரண்டு மூட்டை இறங்கியது. துரை அதோடு விடவில்லை. வண்டியிலிருந்து ஒரு கட்டு வைக்கோலைத் தானே உருவிப் படலுக்கு உள்ளே போட்டார்.

"இது கன்னுக்குன்னு தனியா குடுக்கறாரு. மாட்டுக்குப் போட்டுடாத. கன்னு வயித்துக்குத்தான் போவணும், புரியுதா?"

"சத்தியமா கன்னு வயித்துக்குத்தான் சாமி!"

வண்டி தோணித்துறையைத் தாண்டி மறையும்வரை நின்று பார்த்தாள். பிறகு படலை இழுத்துச் சாத்திவிட்டு, கோணி ஊசியோடு கன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதன் வயிற்றுத் தையலைப் பிரித்து, நமுத்துப்போன பழைய வைக்கோலை உருவி எறிந்துவிட்டு, துரை கொடுத்ததை ஒரு துரும்புகூட மீதி வைக்காமல் உள்ளே திணித்தாள்.