எழுத்து இருந்த இடம்

எழுத்துகள் இருந்த இடம் மழித்த தலை போல மின்னியது.

அந்தப் பழைய இரும்பு வைஸை வாங்க வந்தவர் மண்டியிட்டு உட்கார்ந்து அந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு கால்மிதியைத் தூக்கி அதன் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கேயும் அதே வழவழப்பு.

“பேரும் இல்ல, வருஷமும் இல்ல. இது எதுவா வேணா இருக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவரைக் கூட்டி வந்த பெரியவருக்குக் காது இரண்டும் சூடாகின.

பழைய பட்டறைச் சாமான்களுக்கு விலை சொல்வதுதான் அவர் தொழில். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் இந்த வைஸை, மகள் நாற்காலி பழுது பார்க்கும் பட்டறை வைத்தபோது அவர்தான் கொண்டுவந்து போட்டார். காலால் மிதித்தால் தாடை இறுகும். இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். “சும்மா கிடக்கிற இரும்பு, நீயே வச்சுக்கோ” என்றுதான் அன்றைக்குச் சொன்னார்.

அது சும்மா இரும்பு இல்லை என்பது அவருக்கே போன மாதம்தான் தெரிந்தது.

தெரிந்ததும் நேராக இங்கே ஓடி வந்தார். தாடையின் பக்கவாட்டில் வார்ப்போடு புடைத்து நின்ற கம்பெனிப் பெயரை மகளுக்குக் காட்டினார். அதன் கீழே வருடம். மிதியின் அடியில், தரையில் படுத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற எண். இவை இருந்தால் வாங்க ஆள் அடித்துக்கொண்டு வருவான், இல்லாவிட்டால் ஒருத்தனும் சீந்த மாட்டான் என்று ஆசை ஆசையாகச் சொன்னார். நல்ல ஆளாகப் பார்த்துக் கூட்டி வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆள்தான் இப்போது டீயைத் தொடாமல் போனவர்.

“யார் செஞ்ச வேலை இது?”

மகள் கையிலிருந்த நாற்காலிக் காலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உங்க மாப்பிள்ளைதான். துருவா இருக்குன்னு கிரைண்டர் போட்டுத் தேய்ச்சாரு.”

டீத் தட்டோடு நின்ற மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையை முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லிப் பெரியவருக்குப் பழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து “வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா” தவிர வேறு பேச்சில்லை. அதனால் சுவரைப் பார்த்துத் திட்டினார்.

“வீட்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லி வை. தெரியாத சாமான்ல கை வைக்கக் கூடாதுன்னு. மினுக்கியிருக்கிற அழகைப் பாரு. கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு பூச்சு கிடையாது.”

“சொல்றேன்” என்றாள் மகள்.

அந்த ஒற்றைச் சொல் அவரை இன்னும் கிளறிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார். மாப்பிள்ளை வழியனுப்பக் கூடவே வந்தார். நல்ல வெயில். டயர் கடை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்த பெரியவர், அங்கே நின்றுவிட்டார்.

“மாப்பிள்ளைன்னு பாக்குறேன். இல்லன்னா நடக்கிறதே வேற. உங்களுக்கு என்ன தெரியும்னு அதைத் தொட்டீங்க? ஒரு மடையன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.”

டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் குழாயைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான்.

மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

“மாமா, எனக்கு அந்த கிரைண்டரை எப்படிப் பிடிக்கணும்னுகூடத் தெரியாது.”

பெரியவர் அவர் கைகளைப் பார்த்தார். கீபோர்டைத் தவிர எதையும் தட்டியறியாத கைகள்.

மாப்பிள்ளை திரும்பி நடந்து போய்விட்டார்.

பெரியவர் அங்கேயே நின்றார். வைஸ் கண்முன் வந்தது. திருகுத்தண்டில் துரு அப்படியே இருந்தது. ஸ்பிரிங்கில் இருந்தது. காலை ஊன்றி நிற்கும் அடித்தட்டு முழுக்க இருந்தது. துருவுக்குப் பயந்து தேய்த்தவர்கள் யாரும் அவற்றை விட்டிருக்க மாட்டார்கள். பெயர், வருடம், எண். தேய்ந்திருந்தது அவ்வளவுதான். மிதிக்கு அடியில் எண் இருப்பதை அவர் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தார்.

வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பிப் போனார். வாய் நிறையத் திட்டு இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

மகள் பட்டறை வாசலைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். அவர் வருவார் என்று தெரிந்தவள்போல. அவள் கண்கள் சிவந்திருந்தன. அது அழுகைச் சிவப்பு இல்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“விக்கப்போறேன்னு சொன்னீங்க. விக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?”



அவள் நாற்காலிக் காலை வைஸில் பொருத்தி, ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். தாடை கவ்விக்கொண்டது. இரண்டு கையாலும் இழைப்புளியைப் பிடித்து இழைக்கத் தொடங்கினாள்.