ஐந்தாம் மாடிக் கூடை

'பாஸ்கெட்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு, அதாவது கூடைக்கு, என்னென்ன உபயோகம் என்று புஸ்தகத்தைப் பார்த்து ஷாஹினாஸ் டீச்சர் ஆரம்பித்ததுமே வகுப்பு களைகட்டிவிட்டது. வகுப்பென்றால் டீச்சர் வீட்டுக் கூடம்தான். படிக்க வருவது அதே தெருவில் குடியிருக்கும் பெண்கள் நாலு பேர். பழம் வைக்கலாம், குப்பை போடலாம், பந்துகூடப் போடலாம் என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, நபவிய்யா சிரித்துவிட்டாள்.

"இந்தப் புஸ்தகத்தை எழுதினவங்க நம்ம கெய்ரோ பக்கமே வந்ததில்ல போல, டீச்சர். கூடைன்னா கயித்துல கட்டி பால்கனியிலேர்ந்து இறக்கறது. அதையே காணோமே?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. அதை வைத்து நீயே ஒரு வாக்கியம் சொல்லேன் என்றாள்.

நபவிய்யா குரலைத் தாழ்த்தினாள். "எதிர்க் கட்டிடத்து அஞ்சாம் மாடி தஹானி அக்கா கூடையிலேர்ந்து, நாலாம் மாடி ஃபிக்ரி வாத்தியார் தினமும் ரொட்டி திருடறார்."

பாடம் அதோடு சரி. எல்லோரும் பால்கனிக்கு ஓடினார்கள்.

டீச்சரால் நம்பவே முடியவில்லை. ஊரே மரியாதை வைத்திருக்கும் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். போன ரம்ஜானுக்குத் தெருக்காரர்கள் கொண்டுபோன சாமான் பையை, நான் என்ன பிச்சைக்காரனா என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர். வாங்கத்தான் ரோஷம், திருடுவதற்கு இல்லையா?

கீழே கடைக்காரர் சுடச்சுட ரொட்டிகளை வைத்துக் கயிற்றை ஆட்டினார். கூடை ஆடி ஆடி மேலே ஏறியது. நாலாம் மாடிக்கு நேரே வந்து நின்றது. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் கை நீண்டு, இரண்டு ரொட்டியை எடுத்தது.

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. தொண்டை கிழியக் கத்தினாள்.

"தஹானி அக்கா, சீக்கிரம் வாங்க! உங்க ரொட்டித் திருடனைக் கையும் களவுமாப் பிடிச்சாச்சு!"

தெருவே அண்ணாந்து பார்த்தது. ரொட்டியும் கையுமாக ஜன்னலில் மாட்டிக்கொண்டார் ஃபிக்ரி. உள்ளே போகவும் முடியவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. பாவி மனுஷா, இந்த வயதில் இது தேவையா என்று டீச்சருக்கே ஒரு நிமிஷம் என்னவோ போலிருந்தது.

ஐந்தாம் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் தஹானியின் தலை தெரிந்தது. கீழே அவரைப் பார்த்தாள். எதிரே டீச்சரைப் பார்த்தாள். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"உங்க ரெண்டு ரொட்டியையும் எடுத்துட்டீங்களா, வாத்தியாரய்யா? அப்ப இழுத்துக்கறேன். தினமும் நீங்க எடுக்கற வரைக்கும் கயித்தை நிறுத்திப் பிடிச்சுப் பிடிச்சு, கை கடுக்குது."