பச்சை விளக்கும் திட்டுப் பலகையும்

அகதி அனுமதிகளை மந்திரி விலைபேசி விற்றது அம்பலமானதிலிருந்து சாவடித் தெரு கொதித்துக்கொண்டிருந்தது. இனி அரசாங்கம் கேட்கும் எதற்கும் பதில் சொல்வதில்லை என்று தெருச் சங்கத் தலைவர் துரைப்பாண்டி முடிவெடுத்துவிட்டார்.

சட்டப்படி, அடைக்கலம் கேட்பவர் இருக்கலாமா என்று அவர் தங்கியிருக்கும் தெருதான் தீர்ப்புச் சொல்லும். மாலைக்குள் பாதி வீடுகளிலாவது வாசலில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியாத விளக்கு 'வேண்டாம்' என்றே கணக்காகும்.

இன்று தீர்ப்புக்குக் காத்திருப்பவள், கடல் கொண்ட தீவிலிருந்து வந்து சுலோசனா வீட்டு மாடியில் குடியிருக்கும் ஹலீமா.

சுலோசனா தலைவர் வீட்டுக்கு ஓடினாள். "அண்ணே, எல்லாரும் விளக்கை அணைச்சு வெச்சா மந்திரிக்கு ஒண்ணும் ஆகாது. இவளைத்தான் கப்பல்ல ஏத்துவாங்க."

"பச்சை போட்டா அந்தத் திருடனுக்குத் தலையாட்டுன மாதிரி ஆயிடுமே, தங்கச்சி!"

"விளக்கைப் போடுங்க. அதுக்குக் கீழேயே அவனைத் திட்டி ஒரு பலகை மாட்டுங்க. யாரு வேண்டாங்கிறா?"

துரைப்பாண்டி யோசித்தார். திட்டுவதென்றால் அவருக்குத் தனி உற்சாகம்தான்.

பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பச்சை எரிந்தது. ஒவ்வொரு விளக்கின் கீழும் மந்திரியின் மானம் காற்றில் பறந்தது. தலைவர் பலகைதான் எல்லாவற்றையும்விட நீளம். ஆடும் ஸ்டூலில் ஏறி நின்றவர் கீழே பார்த்துக் கத்தினார்: "ஹலீமா, வேடிக்கை பார்க்காம ஸ்டூலைப் பிடிம்மா! நாளைக்கு இன்னொண்ணு மாட்டணும், அதுக்கும் நீதான் பிடிக்கணும்."